ரெண்டு மணிக்கே அவுட் எழுதப்பட்ட அப்பாவுக்கு

என் பாசத்துக்கும் கோபத்துக்கும் சரிபாதி சொந்தக்காரரான அப்பாவுக்கு,

உங்களோடு பேசாமல் இருந்த பதினோரு மாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதைப் படிக்கிறவர்கள், செத்துப்போன போலீஸ்காரரை நினைத்து மகன் உருகுகிறான் என்று எண்ணிவிடக் கூடாது. எங்கள் கம்பெனி கேட்டில், பறித்த வேலையைத் திரும்பக் கேட்டு நாங்கள் உட்கார்ந்திருந்த அன்று, போலீஸின் சிவப்புத் தொப்பி வரிசையில் நீங்களும் வந்தீர்கள். விசில் ஊதியதும் லத்தியை ஓங்கினீர்கள். என்னை அடிக்கவில்லை. என் பக்கத்தில் இருந்த செல்வத்தின் முட்டியில் அடித்தீர்கள். அன்று இரண்டு பேரும் வீட்டுக்கு வந்து எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம். அதற்குப் பிறகு பேச்சு இல்லை. எல்லாம் அம்மா வழியாகத்தான்.

அந்தக் கோபம் இன்னும் போகவில்லை. இருந்தும், உங்களைப் போன்றவர்களுக்காக வந்த ஒரு மசோதாவுக்கு ஊர் ஊராகக் கையெழுத்து வாங்கிக்கொண்டு அலைகிறேன். உங்களுக்குச் சிரிப்பு வருகிறதா?

நீங்கள் எப்படிச் செத்தீர்கள் என்பது உங்களுக்குத் தெரியும். எப்படி எழுதினார்கள் என்பது தெரியாது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

கத்திரி வெயில். கடலூரிலிருந்து ஒரு பெரிய மனிதர் வருகிறார் என்று காலை ஆறு மணிக்கு உங்களைத் தவளக்குப்பம் முனையில் பந்தோபஸ்து பாயின்ட்டில் நிறுத்தினார்கள், மற்ற ஐந்து பேரைச் சாலை நெடுகத் தள்ளித் தள்ளி. ரெண்டு மணிக்கு மாற்று ஆள் வர வேண்டும். வரவில்லை. பெரிய மனிதரும் வரவில்லை. நாலு மணிக்கு மேல்தான் அந்த வண்டிகள் வந்தன. கண்ணாடியைக்கூட இறக்காமல் போன வண்டிக்கு நீங்கள் சல்யூட் அடித்தீர்கள். சாலையோரம் தர்பூசணி விற்கும் அக்கா ஒருவர்தான் உங்களைத் தூக்கி ஆட்டோவில் போட்டவர். அவரைத் தேடிப் போய்க் கேட்டேன். "கை எறங்குச்சு, கூடவே ஆளும் எறங்கிட்டாருப்பா. தண்ணி குடுத்தேன், உள்ள போவல" என்றார். பெரியாஸ்பத்திரிக்குப் போவதற்குள் முடிந்துவிட்டது.

ஸ்டேஷன் டைரியில் வேறு மாதிரி இருக்கிறது. பகல் ரெண்டு மணிக்கு பாயின்ட்டில் இருந்த ஆறு காவலர்களும் பணி முடித்து ஓய்வுக்குச் சென்றார்கள். அப்படித்தான் இருக்கிறது. ஆகவே நீங்கள் டூட்டியில் சாகவில்லை. ஓய்வில் இருந்த ஒரு ஆள், காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு, எவனுக்கோ சல்யூட் அடிக்கலாம் என்று வெயிலில் ரெண்டு மணி நேரம் சும்மா நின்று செத்திருக்கிறார். அரசாங்கம் இதை நம்புகிறது. டூட்டியில் செத்திருந்தால் தம்பி படித்து முடிக்கும்வரை குவார்ட்டர்ஸில் இருக்கலாம். ஓய்வில் செத்ததால் வீட்டைக் காலி செய் என்று அம்மாவுக்கு நோட்டீஸ் வந்தது. தம்பிக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை இருக்கிற வருஷம்.

எழுதியவர் யார் என்று நினைக்கிறீர்கள்? நம் அந்தோணி சித்தப்பாதான். பக்கத்து வீட்டுக்காரர், உங்கள் ஸ்டேஷன் ரைட்டர், கிறிஸ்துமஸுக்கு முதல் கேக்கை நம் வீட்டுக்குக் கொடுத்துவிட்டுத்தான் தன் பிள்ளைகளுக்கு வெட்டுகிறவர். அவர் பகையால் எழுதவில்லை. எப்போதும் எழுதுகிற மாதிரி எழுதினார். நேரம் ஆனதும் எல்லோருக்கும் 'அவுட்' போட்டுவிடுவது உங்கள் வழக்கம். மேலதிகாரிக்கு எட்டு மணி நேரக் கணக்கு பேப்பரில் சுத்தமாக இருக்க வேண்டும். உங்களுக்கோ கையெழுத்துப் போடுவதற்காக ஸ்டேஷனுக்குத் திரும்பாமல், பாயின்ட்டிலிருந்து நேரே பஸ் ஏறி வீட்டுக்கு வர வேண்டும். இரண்டு பக்கமும் வசதியான பொய்.

நீங்களே போனில் சொன்னதைக் கேட்டிருக்கிறேன். "அந்தோணி, என்ன ரெண்டுக்கே எறக்கி வுட்ருடா. நான் அப்டியே வூட்டுக்குப் போறேன்." எத்தனை வருஷம் இப்படிச் சொல்லியிருப்பீர்கள்? ஒரு நாளாவது ரெண்டு மணிக்கு வீட்டுக்கு வந்திருக்கிறீர்களா? மூன்று மணிக்கு நமக்கு ஏதாவது ஆனால் என்ன எழுதுவார்கள் என்று ஒரு தடவைகூடத் தோன்றவில்லையா? ஊரையே சந்தேகப்படுகிற வேலையில் இருந்துகொண்டு, உங்கள் சொந்தப் பொய்யை மட்டும் எப்படி நம்பினீர்கள்?

இந்த நிலையில்தான் சட்டசபையில் ஒரு உறுப்பினர் தனியாக ஒரு மசோதா கொண்டுவந்தார். நாலு பக்கம்தான். நான் தேடிப் படித்ததில் மூன்று விஷயங்கள் மனசில் நின்றன. காவலர் யூனிஃபார்ம் போட்டு வீட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்து திரும்பி வரும்வரை டூட்டிதான், டைரியில் என்ன எழுதியிருந்தாலும் சரி. காவலர் எப்படிச் செத்திருந்தாலும், அவருடைய கடைசிப் பிள்ளை பள்ளிப் படிப்பை முடிக்கும்வரை குடும்பத்தை வீட்டிலிருந்து கிளப்பக் கூடாது. டைரியில் இருப்பது பொய் என்று ஒரு காவலர் உண்மையைச் சொன்னால், அதற்காக அவரைத் தண்டிக்கக் கூடாது. கடைசியில் சொன்னதைப் படித்தபோது எனக்கு அந்தோணி சித்தப்பாவின் முகம்தான் தெரிந்தது. நீங்கள் போன நாளிலிருந்து அவர் எங்கள் வாசலைத் தாண்டும்போது தலை நிமிர்வதில்லை.

உங்களுக்குச் சங்கம் கிடையாது. கொடி பிடித்தால் வேலை போய்விடும். அதனால் வீட்டுப் பெண்கள் கிளம்பினார்கள். கையெழுத்து வாங்குகிற வேலை எனக்கு. முதலில் செல்வத்திடம்தான் போனேன். அவன் இன்னும் மாடிப்படியில் ஒரு காலை இழுத்துத்தான் ஏறுகிறான். பேப்பரைப் படித்துப் பார்த்துவிட்டு, "உங்கப்பன் ஒடச்ச முட்டிய வச்சிக்கினு நான் எப்டிடா இதுல கையெழுத்துப் போடறது?" என்றான். அவன் போடவில்லை. அவன் சொன்னது நியாயம். நான் கேட்டதும் நியாயம்.

மற்றவர்களுக்குப் பதில் சொல்கிறேன். லத்தி வைத்திருக்கிறவனுக்குச் சட்டம் எதற்கு என்று என் சங்கத்திலேயே கேட்கிறார்கள். பத்து மணி நேரம் வெயிலில் நிற்க வைத்து, பட்டினி போட்டு, கடைசியில் லத்தியைக் கொடுத்து நம்மிடம் அனுப்புகிறார்கள். அவன் அந்த வெயிலை யார் மேல் இறக்குவான்? வண்டிக்குள் ஏ.சி.யில் இருக்கிறவன் மேலா? அவனை மனுஷனாக நடத்துகிற சட்டம் வராமல், நம்மை மனுஷனாக நடத்துகிற போலீஸ் வராது. இதனால் அவன் நம்மை அடித்தது சரியாகிவிடாது. நான் என் அப்பாவுக்கே அந்தச் சலுகையைத் தரவில்லை.

ஓய்வு பெற்ற ஒரு பெரிய அதிகாரி பத்திரிகையில் எழுதியிருந்தார், இந்தச் சட்டம் வந்தால் ஒழுக்கம் கெட்டுவிடும் என்று. அவர் பணியில் இருந்த காலத்தில் அவர் வீட்டுத் துணியைத் துவைத்தவர்களும் காவலர்கள்தான். அந்த ஒழுக்கத்தைச் சொல்கிறார் போலிருக்கிறது.

மசோதா எடுக்கப்பட்ட அன்று சட்டசபைக்கு எதிரில், பூங்கா ஓரம், நம் குவார்ட்டர்ஸ் பெண்கள் போய் உட்கார்ந்தார்கள். அம்மாவும் போனார், துணைக்கு நானும். உங்கள் இன்ஸ்பெக்டர் புத்திசாலி. புருஷன்மாரைப் பார்த்தால் பெண்டாட்டிகள் அடங்குவார்கள் என்று, அதே குவார்ட்டர்ஸ் ஆட்களையே பொறுக்கியெடுத்து வரிசையாக நிறுத்தினார். ரைட்டர் வேலையிலிருந்து அந்தோணி சித்தப்பாவையும் இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். அவருக்கு நேர் எதிரே, ஒரு கை தூரத்தில், ஸ்டெல்லா சித்தி.

சித்தியைத் தெரியுமே உங்களுக்கு. "என்னா, வழி மறிக்கறியா?" என்று தன் புருஷனைப் பார்த்துக் கேட்டார். "காலைல வச்ச மீன் கொழம்பு எப்டி இருந்துச்சின்னு சொல்லிட்டு மறி." பெண்கள் சிரித்தார்கள். வரிசையிலும் இரண்டு தொப்பிகள் குலுங்கின. சித்தப்பா நேராகப் பார்த்துக்கொண்டு நின்றார். "இது யாரு பொண்டாட்டிய்யா?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். வரிசையில் ஒவ்வொரு தொப்பியும் பூங்கா மரங்களைப் பார்த்தது. "அதான் பாருங்க சார், ஒங்க டூட்டில நின்னா பொண்டாட்டி முகங்கூட மறந்துபூடுது" என்றார் சித்தி.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அம்மா எழுந்தார். பத்திரிகைக்காரர்கள் இருந்தார்கள். இன்ஸ்பெக்டர் இருந்தார். அம்மா யாரையும் பார்க்கவில்லை. நேராகச் சித்தப்பாவிடம் போய், மளிகைக் கடையில் விலை கேட்கிற குரலில் கேட்டார்.

"அன்னிக்கு ரெண்டு மணிக்கு எங்க வூட்டுக்காரரு கெளம்பிட்டாரா தம்பி?"

சித்தப்பா பார்வையை இறக்கி அம்மாவைப் பார்த்தார். பிறகு சொன்னார். "கெளம்பல அண்ணி. நாலு மணிக்கு மேல வரைக்கும் பாயின்ட்லதான் நின்னாரு. ரெண்டுன்னு எழுதுனது நான்தான்."

"யோவ், வாய மூடு" என்றார் இன்ஸ்பெக்டர்.

"எப்பவும் அப்டித்தான சார் எழுதறோம். நேத்தும் எழுதுனேன். நீங்க கையெழுத்துப் போட்டீங்க."

மாலைக்குள் அவரை சஸ்பெண்ட் செய்தார்கள். காரணம் என்ன தெரியுமா அப்பா? அரசுப் பதிவேட்டில் பொய் எழுதியது. அந்தப் பொய்யில் தினமும் கையெழுத்துப் போட்டவர் மேல் ஒரு தூசும் விழவில்லை. உள்ளே மசோதாவின் கதையும் முடிந்திருந்தது. அரசு பரிசீலிக்கும் என்று ஒரு வாக்கியத்தைச் சொல்லி, அந்த உறுப்பினரையே அதைத் திரும்பப் பெற வைத்துவிட்டார்கள். உண்மை சொன்னவரைக் காப்பாற்ற வேண்டிய வரியும் அதோடு போனது. மேசை தட்டி ஒரு சட்டத்தைக் கொன்றுவிட்டு, வெளியே வந்து நம் பெண்களைப் பார்த்து வணக்கம் போட்டுக்கொண்டு காரில் ஏறினார்கள்.

நாலு நாள் கழித்து போலீஸ் ஆபீஸிலிருந்து ஒருவர் வீட்டுக்கு வந்தார். குரலில் அவ்வளவு கருணை. டைப் அடித்த ஒரு தாள். அந்தோணி அன்று பெண்களின் நெருக்குதலுக்குப் பயந்து உளறிவிட்டார், என் கணவர் ரெண்டு மணிக்கே பணி முடித்துவிட்டார் என்பது எனக்குத் தெரியும் என்று அதில் இருந்தது. அம்மா கையெழுத்துப் போட்டால் சித்தப்பாவுக்கு வேலை திரும்பக் கிடைக்கும். பரீட்சை முடியும்வரை நாங்களும் வீட்டில் இருக்கலாம். எல்லோருக்கும் நல்லது என்றார். இதே வசதியான பொய்யை உங்களுக்கும் இப்படித்தான் விற்றிருப்பார்கள்.

நான் கிழிக்கப் போனேன். அம்மா பிடுங்கி வைத்துக்கொண்டார். "ஒரு குடும்பத்த தெருவுல நிறுத்தறதுக்கு ஒனக்கும் எனக்கும் என்னாடா உரிம இருக்கு?" என்றார். எனக்கு அம்மா மேலும் கோபம்தான் வந்தது.

அன்று சாயங்காலம் சித்தியும் சித்தப்பாவும் வந்தார்கள். பூங்கா ஓரம் அத்தனை பேரைச் சிரிக்க வைத்த சித்தி, கதவோரமாக நின்று, "அக்கா, போட்டுக் குடுத்துடுக்கா. மூணு புள்ளைங்கக்கா" என்றார். அம்மா பேனாவை எடுத்தார். நிஜமாகவே எடுத்தார் அப்பா. மூடியையும் கழற்றினார்.

சித்தப்பா அந்தத் தாளின் மேல் கையை வைத்தார்.

"வேணாம் அண்ணி. ஒரு தபா அண்ணன ரெண்டு மணிக்கு அனுப்பிட்டேன். இன்னொரு தபா என்னால அனுப்ப முடியாது."

சித்தி அவரைத் திட்டினார். அழுதுகொண்டே, பிழைக்கத் தெரியாத மனுஷன் என்று பெயர் வைத்துத் திட்டினார். பிறகு அவரே அந்தத் தாளை மடித்து அம்மாவிடம் கொடுத்து, காலையில் திருப்பிக் கொடுத்துவிடச் சொன்னார். அம்மா கொடுத்துவிட்டார், கையெழுத்தில்லாமல்.

வீட்டைக் காலி செய்துவிட்டோம். முதலியார்பேட்டையில் மாடியில் ஒரு அறையும் சமையலறையும். தம்பி குழாயடிச் சத்தத்துக்கு நடுவில் படிக்கிறான், அவன் என்னைப் போல முரடன் இல்லை. சித்தப்பா விசாரணைக்கு அலைகிறார். நடுவில் நாள் கிடைத்தால் என்னோடு கையெழுத்து வாங்க வருகிறார். லத்தி இல்லாத கையை எங்கே வைப்பது என்று அவருக்கு இன்னும் தெரியவில்லை, பின்னால் கட்டிக்கொண்டே நடக்கிறார். அடுத்த கூட்டத்தொடரில் மசோதாவை மறுபடி கொண்டுவருகிறேன் என்று அந்த உறுப்பினர் சொல்லியிருக்கிறார். நான் நம்பவில்லை. அதனால்தான் வாரம் ஒரு தடவை அவர் வீட்டு வாசலில் போய் நிற்கிறேன்.

உங்களிடம் மன்னிப்புக் கேட்கவும் மாட்டேன், உங்களை மன்னிக்கவும் மாட்டேன். ஒன்றை மட்டும் சத்தியமாகச் சொல்கிறேன். அந்தோணி சித்தப்பா மறுபடி அதே ஸ்டேஷனில், அதே மேசையில் உட்கார்ந்து, நீங்கள் நின்ற நேரத்தைச் சட்டத்தின் காவலோடு தன் கையால் திருத்தி எழுதுவார். அவரை அங்கே கொண்டுபோய் உட்கார வைக்காமல் நான் ஓயப் போவதில்லை.

முதலியார்பேட்டையிலிருந்து,
உங்கள் மூத்த பிள்ளை,
குமரவேல்