குடை யாரிடம் போனது?

போன வாரம் மகன் சைக்கிளில் இருந்து விழுந்து முழங்காலைப் பெயர்த்துக்கொண்டு வந்தான். மெடிக்கல் ஷாப்பில் ஒரு பேண்டேஜ் சுருள் வாங்கி வந்து நீலத் தாளைக் கிழித்தேன். ப்ளீச்சிங் வாடை முகத்தில் அடித்தது. கூடவே பஸ் டிக்கெட்டைவிடக் கொஞ்சம் பெரிய சீட்டு ஒன்று மடியில் விழுந்தது. செக்கிங் நம்பர் முப்பத்தொன்று. உன்னுடைய பதினாலு இல்லை. இருந்தாலும் அதைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். "எம்மா, ரத்தம் வருதும்மா" என்று அவன் கத்திய பிறகுதான் துணியைச் சுற்றினேன்.

நீ போய் இந்த ஆடியோடு இரண்டு வருஷம் ஆகிறது. முதன்முதலாக உனக்குக் கடிதம் எழுத உட்கார்ந்திருக்கிறேன், நல்லதாக நாலு வார்த்தை வர வேண்டும். எனக்கு வருவதோ பொறாமை. செத்துப்போன ஒருத்தி மேல் பொறாமைப்படுவது நல்ல புத்தி இல்லை என்று தெரியும். தெரிந்து என்ன செய்ய? படுகிறேன்.

இராஜபாளையத்தில் நாம் வேலை பார்த்த அந்த பேண்டேஜ் கம்பெனியில் நமக்குப் பெயர் கிடையாது. நான் ஒன்பது, நீ பதினாலு. வெளுத்துக் காய்ந்து வரும் துணியை வெளிச்சத்தில் பிடித்து, இழை அறுந்திருக்கிறதா, கறை இருக்கிறதா என்று பார்த்து, சுருட்டி, நம் நம்பர் அச்சடித்த சீட்டை உள்ளே வைத்து ஒட்ட வேண்டும். பழுதான சுருள் திரும்பி வந்தால் சூப்பர்வைசர் வாசலில் நின்றே நம்பரைச் சொல்லிக் கத்துவார். அந்த நம்பருக்கு உரியவள் உடனே எழுந்து நின்று ஏச்சு வாங்க வேண்டும். எனக்குக் கை மெதுவு, கண் கூர்மை. ஐந்து வருஷத்தில் ஒன்பதை அவர் ஒருமுறைகூடக் கூப்பிட்டதில்லை. அதில் எனக்குப் பெருமை வேறு. உனக்குக் கை வேகம், கண் ஜன்னலுக்கு வெளியே. வாரத்துக்கு இரண்டு தடவையாவது "பதினாலு!" என்று சத்தம் வரும். கூப்பிட்டு வாய் மூடுவதற்குள் நீ எழுந்து நிற்பாய். வாங்க வேண்டியதை வாங்கிக்கொண்டு உட்கார்ந்ததும் என் பக்கம் திரும்பி நாக்கைத் துருத்துவாய். அவ்வளவு ஏச்சு வாங்கியும் அங்கே எல்லோருக்கும் உன்னைத்தான் பிடிக்கும். ஏசுகிற சூப்பர்வைசர் வீட்டு விசேஷத்துக்கே உனக்குத்தான் முதல் அழைப்பு. என்னைப் பெற்ற அம்மாகூட நீ வந்தால் மட்டும் காப்பியில் சீனியை அள்ளிப் போடுவாள்.

எனக்கென்று இருந்தது அந்தக் கேசட் ஒன்றுதான். அண்ணன் திருநெல்வேலியில் வாங்கி வந்து, பிடிக்காமல் தூக்கிப் போட்டது. பாட்டை எழுதியதும், மெட்டுப் போட்டதும், பாடியதும் ஒரே ஆள். மேளம் இல்லை, வயலின் இல்லை, அவர் கையில் ஒரு கிடார், அவ்வளவுதான். ஏதோ ஊரில் தபால் ஆபீஸில் வேலை பார்ப்பவராம். பக்கத்தில் உட்கார்ந்து யாரோ நம்மிடம் மட்டும் பேசுவது போல இருக்கும். உனக்கு ஒருநாள் போட்டுக் காட்டினேன். ஒரு பாட்டு முடிவதற்குள், "ஏட்டி, இந்த ஆளுக்குச் சளி புடிச்சிருக்கா?" என்று கேட்டாய். எனக்குக் கோபம் வந்தது. உள்ளுக்குள் நிம்மதியாகவும் இருந்தது. உனக்குப் பிடித்துப் போயிருந்தால் அதுவும் உன்னுடையதாகியிருக்கும்.

அதில் மூன்றாவது குடைப் பாட்டு. ஒரு பெண் மழை நின்ற சந்தோஷத்தில் குடையை பஸ்ஸிலேயே விட்டுவிட்டு இறங்கிப் போகிறாள். முதல் சரணம் அவளுக்கு. இரண்டாவது சரணத்தில் கண்டக்டர் அந்தக் குடையை எடுத்து முன்னால் கம்பியில் மாட்டிவைக்கிறார், ஊர் ஊராக அது ஆடிக்கொண்டே போகிறது. அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் வெறும் கிடார், பிறகு பல்லவி, பாட்டு முடிந்துவிடும். எனக்கு அது பொறுக்காது. அந்தக் கிடார் வருகிற இடத்தில் ஒரு சரணம் இருந்திருக்க வேண்டும், யாரோ அதை எடுத்துவிட்டார்கள் என்று முதல் தடவை கேட்டபோதே தோன்றியது. இழை விட்டுப்போன இடத்தைக் கண்டுபிடிப்பதுதானே என் வேலை. இரண்டு வருஷம் அந்தக் குடை யாரிடம் போனது என்று யோசித்துக்கொண்டே துணி பார்த்தேன்.

அந்த ஆள் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வருகிறார் என்று அண்ணன்தான் வந்து சொன்னான். டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் மாஸ்டர் அவருடைய சிநேகிதராம். மாடியில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பாடப்போகிறார், நாற்பது பேருக்குத்தான் இடம். வீட்டில் தனியாக விடமாட்டார்கள். உன்னிடம்தான் வந்து நின்றேன்.

"சளிக்காரன் பாட்டுக்கா? பால்கோவா வாங்கித் தாரியா, வாரேன்" என்றாய்.

வீட்டில் கோயிலுக்கு என்று சொல்லிவிட்டுக் கிளம்பினோம். பொய்தானே, நேராக மாடிக்குப் போய்விடலாம் என்றேன் நான். நீ கேட்கவில்லை. "ஆண்டாள் பேரைச் சொல்லிட்டு வந்துட்டு எட்டிக்கூடப் பாக்காமப் போனா நல்லாவா இருக்கும்? துளசி கொண்டுபோகலைன்னா ஒங்கம்மா கண்டுபிடிச்சிருவா" என்று இழுத்துக்கொண்டு போனாய். வரிசையில் நின்று வெளியே வர நேரமாகிவிட்டது. மாடி ஏறியபோது முன் வரிசை நிறைந்திருந்தது. மூடி போட்ட டைப்ரைட்டர்களைச் சுவர் ஓரமாக ஒதுக்கி மடக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். கடைசி வரிசையில் நமக்கு இரண்டு கிடைத்தது.

அவர் பார்க்க மிகச் சாதாரணமாக இருந்தார். வெள்ளைச் சட்டை, முழங்கை வரை மடித்த கை, ஸ்டூலில் உட்கார்ந்து மைக் கூட இல்லாமல் பாடினார். கேசட்டில் கேட்காத மூச்சுக்கூட அங்கே கேட்டது. தெருவில் பஸ் ஹாரன் அடித்தால் நிறுத்தி, சிரித்து, விட்ட இடத்தில் இருந்து எடுப்பார். நான் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன். நீ மடியில் பால்கோவாப் பொட்டலத்தைப் பிரித்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருந்தாய்.

நடுவில் மாஸ்டர் ஒரு தட்டை நீட்டிக்கொண்டு வந்தார். விருப்பப் பாட்டு எதுவும் இருந்தால் எழுதிப் போடலாம். என்னிடம் தாள் இல்லை. நீ பர்ஸைத் துழாவி ஒரு செக்கிங் சீட்டை எடுத்துக் கொடுத்தாய். பின்பக்கத்தில் பொடிப்பொடியாக எழுதினேன்: "குடைப் பாட்டில் இரண்டாவது சரணத்துக்குப் பிறகு ஒரு சரணம் விட்டுப்போயிருக்கிறது. குடை கடைசியில் யாரிடம் போனது?" பெயர் போடவில்லை. பெண்பிள்ளை பெயரை நாலு பேர் முன்னால் வாசித்தால் மறுநாள் பஸ் ஏறி நம் வீட்டுக்கு வந்துவிடும். முன்பக்கத்தில் என்ன அச்சடித்திருக்கிறது என்று பார்க்கத் தோன்றவில்லை எனக்கு.

என் சீட்டை எடுத்ததும் அவர் பாடுவதை மறந்தவர் போல அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சத்தமாக வாசித்தார். "எழுதினவங்க பேர் போடலை" என்றார். சீட்டைத் திருப்பினார். "இங்க பதினாலுன்னு இருக்கு. பதினாலு யாருங்க?"

நீ எழுந்து நின்றுவிட்டாய்.

வாயில் பால்கோவாவோடு, முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டு, ஏச்சு வாங்குகிற அதே நிற்பு. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் உன்னைப் பார்த்துச் சொன்னது ஒரு எழுத்து மாறாமல் எனக்கு நினைவிருக்கிறது.

"கேசட்ல இடம் பத்தலைன்னு நாந்தான் அந்தச் சரணத்தை வெட்டினேன். எத்தனையோ பேரு இந்தப் பாட்டைக் கேட்டிருக்காங்க. ஒருத்தர்கூட இதைக் கேட்டதில்லை. இது உங்களுக்குப் பாடுறேன்மா. உக்காருங்க."

என் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். என் எழுத்து, உன் நம்பர். குடைப் பாட்டை முதலில் இருந்து ஆரம்பித்தார். அந்தச் சரணம் வந்தபோது நான் அவரைப் பார்க்கவில்லை. உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு வயிறு எரிந்தது. இரண்டு வருஷமாக நான் காத்துக்கொண்டிருந்த சரணம், சளிக்காரன் என்று சொன்னவளுக்குப் போய்க்கொண்டிருந்தது. காதில் இரைச்சலாக இருந்தது. கைதட்டியபோதுதான் பாட்டு முடிந்துவிட்டது என்று தெரிந்தது.

திரும்பி வரும் பஸ்ஸில் நீயாக வாயைத் திறக்கட்டும் என்று இருந்தேன். நீ திறக்கவில்லை. பாதி வழியில் எனக்குத்தான் பொறுக்கவில்லை.

"எழுதினது இவதான்னு என்னையக் காட்டிருக்கலாம்ல?"

"நம்பரைக் கூப்புட்டா எந்திரிச்சே பழக்கம்ட்டி. சொல்லலாம்னு வாயத் தொறக்கதுக்குள்ள அவரு பாட ஆரம்பிச்சுட்டாரு."

"பாடி முடிச்ச பொறவு?"

நீ ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தாய். பார்த்தபடியே சொன்னாய்: "முடிச்ச பொறவு சொல்ல மனசு வரல. பதினாலுன்னு கூப்புட்டு எனக்கு ஏச்சு விழாத ஒரே தடவை இதாம்ட்டி."

மறுநாளில் இருந்து பத்து நாள் உன் பக்கத்தில் உட்காராமல் வேறு வரிசைக்கு மாறிக்கொண்டேன். நீயே ஒருநாள் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு வந்து, ஒன்றும் நடக்காதது போல என் எதிரில் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தாய். நானும் பேச ஆரம்பித்தேன். அந்தச் சரணத்தைப் பற்றி மட்டும் நாம் இருவருமே பேசியதில்லை.

பிறகு நீ கல்யாணமாகி ஸ்ரீவில்லிபுத்தூருக்கே போனாய். அதுவும் எனக்கு உறுத்தியது, அந்த மாடி இருக்கிற தெரு தினமும் உன் கண்ணில் படுமே. உன் வீட்டுக்கு வரும்போது சில சமயம் அடுப்படியில் நீ ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருப்பாய். என் செருப்புச் சத்தம் கேட்டதும் நிறுத்திவிடுவாய். என்ன பாட்டு என்று எனக்குத் தெரியும். கேட்கமாட்டேன். கேட்டால் அந்தச் சரணத்தில் ஒரு சொல்கூட என் காதில் விழவில்லை என்பது தெரிந்துவிடும். இழை விட்டுப்போனதை நாற்பது பேரில் நான் ஒருத்திதான் கண்டுபிடித்தேன். கடைசியில் அங்கே என்ன இருந்தது என்று உனக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. இதை உன்னிடம் எப்படிச் சொல்வேன்?

மதுரை ஆஸ்பத்திரியில் நீ படுத்திருந்தபோது வாரம் ஒருமுறை வந்தேன். கை அவ்வளவு மெலிந்திருந்தது. அதில் சுற்றியிருந்த பேண்டேஜைக்கூட, இழை சரியாக இருக்கிறதா என்று என் கண் தானாகப் பார்த்தது. ஒருநாள் நீ தலையணையில் இருந்தபடியே என்னைக் கூர்ந்து பார்த்தாய்.

"ஏட்டி, கொடை யாருட்ட போச்சுன்னு ஒனக்குத் தெரியுமா?"

பத்து வருஷத்தில் முதல் தடவை.

"தெரியாம என்ன? நானும் அங்கனதான உக்காந்திருந்தேன்."

"அப்ப சொல்லு பாப்போம்."

"எனக்கு அம்புட்டும் மனப்பாடம். நீ மொதல்ல அந்தக் கஞ்சியக் குடி, பொறவு சொல்லுதேன்."

நீ சிரித்தாய். தெரிந்துதான் சிரித்தாயோ என்னவோ. "நாஞ் சொல்லவா?" என்றாய். நான் டம்ளரை உன் வாயில் வைத்துவிட்டேன். அடுத்த வாரம் நான் வருவதற்கு இரண்டு நாள் முன்னால் நீ போய்விட்டாய்.

காரியம் முடிந்து ஒரு மாதம் கழித்து வெட்கத்தை விட்டு உன் வீட்டுக்காரரிடம் கேட்டேன். "பாட்டா? அவ பாடி நான் கேட்டதே இல்லையே" என்றார் அந்த மனிதர். டைப்ரைட்டிங் மாஸ்டரைத் தேடிப் போனேன். அன்றைக்கு நாற்காலி பத்தாமல் போனது மட்டும்தான் அவருக்கு நினைவிருந்தது. கேசட் அட்டையில் இருந்த முகவரிக்கு எழுதினேன், அப்படி யாரும் இல்லை என்று திரும்பி வந்தது. ஆக, அந்தச் சரணத்தை நீ முழுசாக எடுத்துக்கொண்டு போய்விட்டாய். உனக்கு எல்லாமே தானாக வந்து சேரும், எனக்கு ஒன்றுகூட மிஞ்சாது. அதை நினைத்தால் இன்றைக்கும் எரிகிறது.

நேற்றுச் சாயங்காலம் கேசட்டைப் போட்டேன். மகன் கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். இரண்டாவது சரணம் முடிந்து வெறும் கிடார் வந்தது. அந்த இடத்தில் எனக்குச் சொல் எதுவும் வருவதில்லை, உன் முகம்தான் வருகிறது. பொறாமையில் கண்ணை எடுக்காமல் பார்த்ததால் ஒன்றுகூட விட்டுப்போகவில்லை. முதலில் பயந்து போய் உதட்டோரத்துப் பால்கோவாவைத் துடைத்தாய். பிறகு கை அப்படியே மோவாயில் நின்றுவிட்டது. ஓர் இடத்தில் புருவம் சுருங்கியது, குடைக்கு ஏதோ கஷ்டம் வந்திருக்கும். அடுத்த வரியில் மூக்குத்தி அசைந்தது. கடைசியில் உன் கண் நிறைந்துவிட்டது. ஆனால் கண் நிறைவதற்கு முன்னால் நீ சிரித்தாய், எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, பல் தெரியச் சிரித்தாய்.

அதை வைத்துப் பார்த்தால், குடை நல்ல கைக்குத்தான் போயிருக்க வேண்டும்.