சுருங்கிய பட்டாணிக்கு நான் சொன்ன காரணம்

அக்கா,

இன்று காலை கல்லூரிச் சோதனைக்கூடத்தில் ஊறவைத்த பட்டாணியைச் சீவி, அயோடின் விட்டு, மாணவர்களுக்காக நுண்ணோக்கியில் வைத்தேன். உருண்டைப் பட்டாணியில் மாவு மணிகள் கொழுத்து, முழுதாக, நீலமாகத் தெரிந்தன. சுருங்கிய பட்டாணியில் அவை வெடித்துத் துண்டு துண்டாகக் கிடந்தன. வகுப்பைப் பாதியில் முடித்துவிட்டு உனக்கு எழுத உட்கார்ந்தேன். நீ போய் ஏழு வருஷம் ஆகிறது.

பெருமாட்டியிலிருந்து உன்னை மலைமேல் காந்தலூருக்குக் கட்டிக்கொடுத்தபோது, குளிர் தாங்கமாட்டாய் என்று அம்மா அழுதாள். நீ எஸ்டேட் எல்லையில் குத்தகைக்குப் பிடித்த சரிவில் கல் பொறுக்கி, வரப்பு கட்டி, அதை நிலமாக்கினாய். அந்த வருஷம் எஸ்டேட்டை நடத்தும் சூப்பரண்டு கப்பலில் வந்த பட்டாணி விதையை உன்னிடம் கொடுத்தார். விளைந்ததை விதையாகவே திருப்பித் தர வேண்டும் என்பது பேச்சு. கொடுத்த விதை அத்தனையும் உருண்டை. நீ கொண்டுபோய்க் கொட்டியதில் கால்வாசி சுருங்கியிருந்தது.

"நல்ல விதையைப் பதுக்கிட்டு, சொத்தையைக் கலந்துட்டே" என்றார் அவர்.

"இல்லீங்க. செடியிலயே இப்படித்தானுங்க காய்ச்சுது. பச்சையில தின்னா, இந்த மணிதானுங்க ரொம்ப இனிப்பு."

விடுமுறைக்கு வந்திருந்த நான் பக்கத்தில் நின்றேன். அவர் என் பக்கம் திரும்பினார். "நீ தாவரம் படிக்கிறவன். நீயே சொல்லு."

படிப்பு முடிந்ததும் எனக்கு வேலைக்குச் சிபாரிசுக் கடிதம் தருவதாக அவர் சொல்லியிருந்தார். "ஒரே விதையிலிருந்து இரண்டு மாதிரி வராது" என்றேன்.

நீ என்னைத் திட்டவில்லை. மடியிலிருந்து ஒரு காய்ந்த காயை எடுத்து, எல்லாருக்கும் முன்னால் பிளந்தாய். உள்ளே மூன்று உருண்டை, ஒன்று சுருக்கம்.

"இதுக்குள்ள நான் எப்படிக் கலந்தேன், தம்பி? நீ சொல்லு கண்ணு."

"பூச்சி அடிச்சிருக்கும்" என்றேன்.

அந்த வாரமே சூப்பரண்டு குத்தகையை ரத்து செய்தார், நிலம் போயிற்று. நீயும் மச்சானும் ஏலக்காட்டுக் கூலிக்குப் போனீர்கள். இரண்டாவது மழைக்காலத்தில் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோயிற்று. சிபாரிசுக் கடிதம் மட்டும் சொன்னபடி வந்தது. அதைக் காட்டித்தான் இந்த வேலையில் சேர்ந்தேன்.

பிறகு இங்கே புத்தகங்களில் படித்தேன். இலை செய்து அனுப்பும் சர்க்கரையை விதைக்குள் இருக்கும் நொதிகள் மாவாகக் கட்டுகின்றன. சில விதைகளில் பிறவியிலேயே அந்த வேலை குறைப்படுகிறது. எந்த நொதியின் குறை என்று அந்தப் புத்தகங்கள் சொல்லவில்லை. மாவாகாத சர்க்கரை நீரை இழுத்து வைத்துக்கொள்ளும். பச்சையில் இனிக்கும், காயும்போது நீர் போய்த் தோல் சுருங்கும். இரண்டு வகையும் கலந்து பிறந்த விதை பார்க்க உருண்டையாகத்தான் இருக்கும். அதை விதைத்தால், நாலில் ஒன்று சுருங்கி வரும், ஒரே காய்க்குள்ளும் கூட. கலப்பு கப்பலேறும் முன்பே நடந்துவிட்டது.

எனக்கு இதெல்லாம் அன்று தெரியாதுதான். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அந்தக் காயைக் கண்ணால் பார்த்தேன், அக்கா. பூச்சி துளைத்த ஓட்டை அதில் இல்லை என்பதையும் பார்த்தேன்.

போன மாதம் காந்தலூருக்குப் போனேன். மச்சான் இப்போது உன் சரிவிலேயே வேறொருவருக்குக் கூலிக்குக் கொத்துகிறார். வரப்பில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன்: சர்க்கரை, மாவு, நொதி, சிபாரிசுக் கடிதம் வரை. கடைசிவரை கேட்டார்.

"அவ இதத்தான மாப்ள அன்னிக்கே சொன்னா" என்றார். "புத்தகம் சொன்னாத்தான் ஒமக்கு நம்பிக்கை வருமோ?"

அவர் மண்வெட்டியைச் சாய்த்து வைத்துவிட்டு எழுந்தார்.

"மலையேறி வந்திருக்கீரு. வாரும், சாப்பிட்டுப் போவலாம்."

அவர் திட்டியிருந்தால் அங்கேயே பாரத்தைக் கொஞ்சம் இறக்கிவைத்திருப்பேன். தன் பங்குச் சோற்றில் பாதியை என் தட்டில் போட்டார். மறுக்கத் தைரியம் இல்லாமல், அதையும் சாப்பிட்டுவிட்டுத்தான் மலையிறங்கினேன்.