அத்தா நின்ற வாசல்

2009 ஆகஸ்ட் 12, புதன். சிதம்பரம்.

சஃபா சுவரைப் பார்த்துப் படுத்துத் தூங்கிவிட்டாள்.

அவள் அத்தா துபாயிலிருந்து விடுப்பில் வந்திருந்தபோது, நாலு வயது மகளை மடியில் வைத்துக்கொண்டு ஒரு புது கம்ப்யூட்டர் விளையாட்டு ஆடினார். திரும்பிப் போகும் அன்று தன் வீரனை ஒரு ஊர் வாசலில் நிறுத்திவிட்டுப் போனார். அந்த வீரன்தான் இவளுக்கு அத்தா. தினமும் திறந்து காட்டினால், ஸலாம் சொல்லிவிட்டுத்தான் படுப்பாள்.

எனக்கு அந்த விளையாட்டு பிடிக்காது. போகும் வழியை அம்புக்குறியே காட்டிவிடும், அப்புறம் என்ன விளையாட்டு? நாங்கள் ஹாஸ்டலில் ஆடியதில் சுரங்கங்களுக்கு கிராஃப் தாளில் நாங்களே வரைபடம் போட்டோம். அந்தப் பழைய சிடி இன்று அலமாரியில் கிடைத்தது. அதை ஏற்றக் கம்ப்யூட்டரில் இடமில்லை. பாட்டு எதையாவது அழித்திருக்கலாம். அவருடைய விளையாட்டை அழித்தேன். அவர் நிறுத்திய இடமும் அதோடு போய்விடும் என்று எனக்குத் தெரியாதா? கம்ப்யூட்டர்தானே படித்தேன்.

பழையது அரை மணி நேரத்தில் அலுத்துவிட்டது.

ராத்திரி சஃபா திரையில் தேடிப் பார்த்துவிட்டு, "அத்தா எங்கம்மா?" என்றாள். அதற்குள் அவர் போன் வந்தது.

"நம்ம ஆளு அங்கயே நிக்கிறானா? இன்ஷா அல்லாஹ், நான் வந்துதான் அவன நகத்துவேன்."

"நிக்கிறாரு மச்சான்" என்றேன்.

சஃபா என்னையே பார்த்தாள். போனைக் கொடுத்தேன்.

"ஆமாத்தா" என்றாள், "நிக்கிறீங்க."