கேமரா விட்டுவிட்ட பாட்டில்

அம்மாவுக்கு வணக்கம். முழங்கால் வலி தேவலையா? நான் நன்றாக இருக்கிறேன்.

சோஜு சாராய ஆலையில் நேற்று சின்னத் தகராறு. வேலை தொடங்குமுன் விரிசல் விட்ட பாட்டில் ஒன்றைச் சோதனைக் கேமரா முன் ஓட்டிப் பார்ப்போம்; கேமரா அதைக் கழிக்க வேண்டும். நேற்று விட்டுவிட்டது. கழிவு குறையட்டுமென்று மேஸ்திரி மான்சிக் அதன் கெடுபிடியைத் தளர்த்தி வைத்திருந்தார். நான் மெஷினை நிறுத்தினேன்.

"யாரைக் கேட்டுடா நிறுத்துன?" என்று அதே பாட்டிலை என் மண்டையில் போட ஓங்கினார். தடுத்த கையில் அது சிதறியது.

"கேமரா பாஸ் பண்ணின பாட்டில்தானே அண்ணே, எப்படி உடைஞ்சுது?" என்று கேட்டுக்கொண்டே, மறு கையால் அவர் மூக்கை உடைத்தேன்.

மூக்கில் பஞ்சோடு கூப்பிடுகிறார், போகிறேன். கிம்ச்சிக் கோஸ் ஊறுகாயை இந்தத் தடவை நறுக்கியே அனுப்புங்கள். ஒரு கையால் வெட்ட வரவில்லை. பிடித்துக்கொள்ள இங்கே ஆளும் இல்லை.

தல்சு