இசேனா ஆசிரியரின் பெயர்

சியோல்
9 மார்ச் 1969

அன்புள்ள ஹாக்சூ அண்ணாவுக்கு,

தம்பி மான்சிக் எழுதுவது. நீங்களும் அண்ணியும் நலமா? கியோட்டோவில் குளிர் விட்டுவிட்டதா? சாயப்பட்டறையில் இன்னமும் ஆற்றில் இறங்கி நின்றுதான் துணி அலசுகிறீர்களா? அந்த வேலையை இளையவர்களிடம் விடுங்கள் என்று போன கடிதத்திலேயே எழுதினேன். நீங்கள் கேட்கப்போவதில்லை.

இங்கே நாங்கள் சுகம். பெரியவன் ராணுவத்துக்குப் போயிருக்கிறான். என் பயிற்சிக்கூடத்தில் இப்போது இருநூற்று நாற்பது பேர். டேக்வாண்டோ கற்றுக்கொள்ளாத பிள்ளை எங்கள் பேட்டையில் இல்லை என்றே சொல்லலாம்.

ஒரு காரியம் சொல்லவேண்டும். எங்கள் சங்கத்தில் இந்தக் கலையின் வரலாற்றைப் புத்தகமாகப் போடுகிறார்கள். இரண்டாயிரம் வருஷத்துக் கலை, பழைய அரசர்களின் கல்லறைச் சுவர்களிலேயே இதன் படம் இருக்கிறது என்று தொடங்குகிறது. கூடம் நடத்தும் ஒவ்வொருவரும் தாம் யாரிடம் கற்றோம் என்று எழுதித் தரவேண்டும். சிறுவயதில் ஜிரி மலையில் ஒரு துறவியிடம் கற்றதாக நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

இங்கிருந்து ஒரு பத்திரிகைக்காரர் கியோட்டோவுக்கு வருகிறார். உங்களைத் தேடி வந்தாலும் வரலாம். நான் அங்கே சட்டம் படிக்கத்தான் வந்தேன் என்று சொன்னால் போதும். நாம் இருவரும் ஐந்து வருஷம் இசேனா ஆசிரியரிடம் கராத்தே கற்றதைச் சொல்லவேண்டாம்; நம்மை அடக்கி ஆண்ட ஜப்பானியரின் கலையா என்று இங்கே கொதிப்பார்கள். கூடப்பிறக்காவிட்டாலும் உங்கள் தம்பிதானே நான், எனக்காக இதைச் செய்யுங்கள்.

அன்புத் தம்பி
யோம் மான்சிக்


கியோட்டோ
2 ஏப்ரல் 1969

அன்புத் தம்பி மான்சிக்குக்கு,

உன் கடிதத்தை அண்ணிக்குப் படித்துக் காட்டினேன். "மலையில படிச்சாரா? நம்ம வீட்டு மாடிப்படி ஏறவே அவருக்கு மூச்சு வாங்குமே" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு வெகுநேரம் சிரிப்பு வரவில்லை.

பத்திரிகைக்காரர் வந்தார். நீ சட்டம் படிக்க வந்தாய் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். கவலைப்படாதே.

ஆசிரியருக்குப் போன நவம்பரில் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. மருமகள் பார்த்துக்கொள்கிறாள். செவ்வாய்க்கிழமை எனக்கு விடுமுறை, அன்று போய்க் குளிப்பாட்டிவிட்டு வருவேன். போகும்போதெல்லாம் உன்னைக் கேட்கிறார். "யோம் எழுதினானா?" என்பார்.

யோம் என்றுதான் சொல்கிறார். நமக்கெல்லாம் ஜப்பானியப் பெயர் வைத்துப் பதிவேட்டில் எழுதிய காலத்திலும் அவர் நம்மைச் சொந்தப் பெயர் சொல்லித்தானே அழைத்தார்? உனக்கு மறந்திருக்காது. ஆனாலும் எழுதுகிறேன், அந்தப் புத்தகத்தில் யாரும் இதை எழுதப்போவதில்லை. ஏன் இப்படிக் கூப்பிடுகிறீர்கள், ஆபத்தில்லையா என்று நீ கேட்டபோது, "எங்க ஒக்கினாவாத் தீவையும் ஜப்பான் புடிச்சுக்கிட்டதுதான். நான் பள்ளிக்கூடம் போறப்ப எங்க பாஷை பேசினேன்னு கழுத்துல பலகை மாட்டி நிக்கவெச்சாங்க. உன் பேரை நான் புடுங்க மாட்டேன்" என்றார். நாம் அதுவரை அவரையும் மற்றவர்களைப் போல ஒரு ஜப்பானியர் என்றே நினைத்திருந்தோம்.

பயிற்சிக்கூடத்தில் அந்த ராணுவ அதிகாரி கொரிய இனத்தையே பழித்தபோது நீ விட்ட குத்தில் அவனுக்கு இரண்டு பல் போனது. நீ பின்வாசல் வழியாக ஓடினாய். "அடிக்கச் சொன்னது நான்தான்" என்று ஆசிரியர் முன்னால் போய் நின்றார். பத்தொன்பது நாள் சிறையில் வைத்து அடித்தார்கள். இடது காது அப்போது போனதுதான்.

ஒரு வரியாவது அவருக்கு எழுது. ஜப்பானிய மொழியில் எழுதத் தயக்கமென்றால் கொரிய மொழியிலேயே எழுது. நான் படித்துச் சொல்கிறேன்.

அண்ணன்
ஹாக்சூ


சியோல்
20 மே 1969

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாலு முறை எழுதிக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன். ஆசிரியருக்குத் தனியாக எழுதக் கை வரவில்லை.

நீங்கள் அங்கேயே தங்கிவிட்டீர்கள். இங்கே நிலைமை என்ன என்று உங்களுக்கு முழுதும் தெரியாது. நான் கூடம் தொடங்கிய புதிதில், என்னிடம் படித்த ஒரு பையன் நான் எண்ணிக்கையை ஜப்பானிய மொழியில் சொல்வதாக வீட்டில் சொல்லியிருக்கிறான். பழக்க தோஷம், வாயில் வந்துவிட்டது. மறுநாள் அவன் தாய் வந்தாள். எல்லாப் பிள்ளைகளின் முன்னாலும் அவன் இடுப்புக் கச்சையை அவிழ்த்து என் காலடியில் போட்டாள். "எம் புருஷனைச் சுரங்கத்துக்கு இழுத்துட்டுப்போய்க் கொன்னவங்க அடியையா எம்புள்ளைக்குச் சொல்லித்தர்றே?" என்று கேட்டாள். என் சித்தப்பாவும் அப்படியொரு சுரங்கத்திலிருந்து திரும்பாதவர்தான். அன்று மாலையே எண்ணிக்கையை மாற்றினேன். பிறகு அடவுகளின் பெயரை மாற்றினேன். பிறகு அடவுகளையே மாற்றினோம். ஒன்றை மாற்றினால் அடுத்ததையும் மாற்றத்தான் வேண்டியிருக்கிறது.

ஆனாலும் எல்லாமே பொய் என்று நினைக்காதீர்கள். நாம் அங்கே கற்றது கையால் அடிப்பது. இருபது வருஷமாக இங்கே காலை உயர்த்தி உயர்த்தி இதை வேறொன்றாக ஆக்கியிருக்கிறோம். அந்த உதை எங்களுடையது. அதை நீங்கள் பார்க்கவேண்டும்.

அடுத்த வருஷம் ஒசாகாவில் நடக்கும் உலகக் கண்காட்சியின்போது நாற்பது பேர் கொண்ட குழுவை நான் அழைத்து வரப்போகிறேன். அப்போது ஒருநாள் சத்தமில்லாமல் வந்து ஆசிரியரைப் பார்த்துவிட்டுப் போகிறேன். சத்தியமாக வருவேன் என்று அவரிடம் சொல்லுங்கள்.

அன்புத் தம்பி
மான்சிக்


கியோட்டோ
4 ஆகஸ்ட் 1970

மான்சிக்குக்கு,

நீ வருவதாகச் சொன்ன ஞாயிற்றுக்கிழமை ஆசிரியர் காலையிலிருந்தே சட்டை மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நீ வரவில்லை. திங்களன்று, "அவனுக்கு வேலை இருக்கும். நாமளே போவோம்" என்றார். சக்கர நாற்காலியில் உட்காரவைத்து, ரயிலில் ஏற்றி, ஒசாகாவுக்கு அழைத்து வந்தேன்.

உன் பிள்ளைகளைப் பார்த்தோம். ஒரு பெண் ஆள் உயரத்துக்குத் துள்ளிப் பலகையை உடைத்தபோது ஆசிரியர் இடது கையால் என் முழங்காலைத் தட்டிக்கொண்டே இருந்தார். வலது கை எழாதல்லவா.

முடிந்ததும் வாசலருகே உனக்காக நின்றோம். நீ சங்கத்துக்காரர்களோடும் பத்திரிகைக்காரர்களோடும் வந்தாய். நீ எங்களைப் பார்த்ததை நான் பார்த்தேன். அவர் உட்கார்ந்தபடியே முதலில் தலை குனிந்தார். ஒரு நிருபர் உன்னிடம், இவரை உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டார். நீ கொரிய மொழியில், "தெரியலையே. வேடிக்கை பாக்க வந்தவரா இருக்கும்" என்று சொல்லிவிட்டு நடந்தாய்.

காது சரியில்லாதவர், கொரிய மொழியும் அறியாதவர், விஷயம் புரிந்திருக்காது என்று நான் ஆறுதல்பட்டுக்கொண்டேன். ரயிலில் பாதி வழியில் அவரே பேசினார். "நல்லா உதைக்கிறாங்க. எங்களால அப்படி முடியாது" என்றார். கொஞ்சநேரம் கழித்து, "எங்க தீவுல கராத்தேக்குச் சீனக் கைன்னுதான் பேரு. டோக்கியோக்காரங்களுக்கு அந்தப் பேரு புடிக்கல. ஒலியை அப்படியே வெச்சு எழுத்தை மாத்தி வெறுங்கைன்னாங்க. நானும் தலையாட்டினவன்தான். யோமைத் திட்டிடாதே" என்றார்.

அதனால் நான் உன்னைத் திட்டவில்லை.

போன புதன்கிழமை காலை, மருமகள் சோறு ஊட்டிக்கொண்டிருக்கும்போதே அவர் உயிர் போய்விட்டது. வயது எழுபத்தாறு. சாவுக்கு ஒன்பது பேர் வந்தோம்.

பியோ ஹாக்சூ


சியோல்
11 மார்ச் 1972

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஆசிரியர் போனதாக நீங்கள் எழுதிய பிறகு நான் எழுதும் நான்காவது கடிதம் இது. முதல் மூன்றும் வந்து சேர்ந்திருக்கும் என்று தெரியும். அவை திரும்பி வரவில்லை, உங்கள் பதிலும் வரவில்லை.

அவற்றில் நான் காரணங்கள் எழுதினேன். இதில் காரணம் எதுவும் இல்லை. நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

போன மாதம் அந்தப் புத்தகத்துக்கு ஒப்புதல் தரச் சங்கத்தில் ஒன்பது பேர் கூடினோம். என் பக்கத்தை வாசித்தபோது நான் எழுந்து நின்றேன். மலையும் இல்லை, துறவியும் இல்லை, நான் கியோட்டோவில் இசேனா என்பவரிடம் கற்றேன், அவர் எனக்காகச் சிறைக்குப் போனார், அதைப் போடுங்கள் என்றேன். பதவி போகும், கூடம் போகும், பத்திரிகையில் துரோகி என்று எழுதுவார்கள் என்றெல்லாம் எண்ணித்தான் எழுந்தேன்.

யாரும் கோபப்படவில்லை, அண்ணா. தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "இங்க உக்காந்திருக்கற ஒம்பது பேர்ல ஏழு பேரு அங்க கத்துக்கிட்டு வந்தவங்கதான். எனக்கும் ஒரு வாத்தியார் இருந்தாரு. உக்காருங்க, யோம்" என்றார். எல்லோரும் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். செயலாளர் பேனாவை மூடி வைத்துவிட்டார், நான் சொன்னதை எழுதவில்லை.

நான் உட்கார்ந்துவிட்டேன். புத்தகம் வந்துவிட்டது. என் பக்கம் அப்படியேதான் இருக்கிறது.

மறுநாள் என் கூடத்தில் பெரியவர்களின் வகுப்பில் உண்மையைச் சொன்னேன். தபால் அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஒருவர், "இத்தனை நாளா ஏன் மறைச்சீங்க?" என்று கேட்டார். பயம் என்றேன். அந்த வாரம் பதினான்கு பேர் நின்றுவிட்டார்கள். கேட்டவர் நிற்கவில்லை. ஆசிரியரின் பெயரை எப்படி எழுதுவது என்று கேட்டு எழுதிக்கொண்டு போனார்.

உங்களிடம் மன்னிப்புக் கேட்க எனக்குத் தகுதியில்லை. அவருடைய கல்லறை எங்கே என்று மட்டும் சொல்லுங்கள். கியோட்டோவிலா, ஒக்கினாவாவுக்குக் கொண்டுபோனார்களா? கேட்க எனக்கு வேறு யாரும் இல்லை.

தம்பி
மான்சிக்


கியோட்டோ
30 மார்ச் 1972

சாம்பலில் பாதியை மருமகள் ஒக்கினாவாவுக்குக் கொண்டுபோனாள். மீதி இங்கே, ஃபுஷிமியில். ரயில் நிலையத்திலிருந்து கிழக்கே போகும் தெருவில் மூன்றாவது கோயில். பின்பக்கம், மூங்கில் வேலியை ஒட்டி ஏழாவது கல். சின்னக் கல், தேடவேண்டியிருக்கும். கோயில்காரர்கள் வாளியும் தண்ணீரும் தருவார்கள்.

செவ்வாய்க்கிழமைகளில் நான் அங்கே போவது வழக்கம். நீ வேறு நாளில் போ.

பியோ ஹாக்சூ