கோட்டை எரியும் நாள்

மார்ச் 2, 2008

சர்ச்சில் பூசை முடிந்து மாத்தளையில் சிநேகிதி ஜெஸீமா வீட்டுக்குப் போனேன். அந்த ஜப்பான் கார்ட்டூனின் கடைசி சீடி. கீழே ஓடும் இங்கிலீஷை வழக்கம்போல நான்தான் தமிழில் சொன்னேன். புரட்சி தோற்கும் நேரத்தில், கூட்டாளி தலைவியின் சிவப்பு மேலங்கியைப் போட்டுக்கொண்டு அவளுக்குப் பதிலாகப் போய்ச் சாகிறான். ஜெஸீமா ஒரே அழுகை. எனக்கு ஆத்திரம்தான் வந்தது. அவளை ஒரு வார்த்தை கேட்டானா? இனி அவள் எப்படித் தூங்குவாள்?

மார்ச் 9

எங்கள் தோட்டத்து லய வீடுகளின் குழாயில் பத்து நாளாகத் தண்ணீர் இல்லை. மேனேஜர் துரையின் பங்களாவில் பூச்செடிக்கு ஊற்றுகிறார்கள்! நோட்டீஸ் எழுதித் தரச்சொல்லி நோபர்ட் வந்தான். சிங்கள ஸ்கூலில் படித்தவன், தமிழ் எழுத வராது. என்னைக் கட்டிக்கொண்ட பிறகு நான்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். எழுதினேன். கடைசியில் கார்ட்டூன் தலைவி சொல்வதையும் சேர்த்தேன்: “கோட்டை எரியும் நாள் வந்துவிட்டது.” வாசிக்க ஜோராக இருந்தது.

மார்ச் 12

நோட்டீஸில் கோட்டை என்றது பங்களாவையாம், அதைக் கொளுத்தப் போகிறோமாம். புலி நோட்டீஸாம். பொலிஸ் வந்து எல்லோரையும் வரிசையில் நிறுத்தி, யார் எழுதியது என்று கேட்டது. நோபர்ட் முன்னால் போய், “நான்தான்” என்றான். ஜீப்பில் ஏற்றிவிட்டார்கள்.

நான் பக்கத்தில்தான் நின்றேன். எனக்கு வாய் இல்லையா?

மார்ச் 13

மடையன். மடையன். மடையன்.

மார்ச் 21, பெரிய வெள்ளி

பிறருக்காக உயிரைக் கொடுப்பதைவிடப் பெரிய அன்பு இல்லை என்று பிரசங்கம். பாதியில் எழுந்து வந்துவிட்டேன்.

ஜெஸீமா, “அவரு ஒனக்காகத்தானே உள்ள இருக்காரு? நீயும் போனா அது வீணாப் போயிரும்டி,” என்றாள். கத்திவிட்டேன். என் குற்றத்தைத் தூக்கிக்கிட்டுப் போக இவன் யாரு? நான் கேட்டேனா?

கத்தினேனே தவிர, பொலிஸுக்குப் போகவில்லை. பயம்தான்.

ஏப்ரல் 6

நோபர்ட்டின் அம்மா சவரியம்மா, ரிமாண்டில் அவனைப் பார்த்துவிட்டு வந்தார். அவன் கொடுத்துவிட்ட கடதாசியை நீட்டினார். “எம்மவன் தமிழ் எழுதிட்டான் பாரு, கொறற்றி! ஒங்கிட்ட காட்டச் சொன்னான். வழக்குல எழுதிக் காட்டணுமாம். வாசி புள்ள, அம்மாவுக்கு என்னா எழுதிருக்கான்?”

நோட்டீஸ். தாள் முழுக்க, திரும்பத் திரும்ப. என் எழுத்தைப் போலவே சாய்த்து. கோட்டை எரியும் நாள், கோட்டை எரியும் நாள்.

“அன்புள்ள அம்மாவுக்கு, நான் சுகம்” என்று வாசித்தேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கடதாசியை பைபிளுக்குள் வைத்தார்.

நான் சொல்லிக்கொடுக்க இருந்த தமிழை இவன் இதற்கா படிக்க வேண்டும்? பாவி.

ஏப்ரல் 7

காலை பஸ்ஸில் நோபர்ட்டின் லோயரிடம் போகிறேன். இந்த டயரிக் கொப்பியைக் கொடுக்கப் போகிறேன். யார் எழுத்து என்று பார்க்கட்டும். மார்ச் 2-ஐயும் வாசிக்கட்டும்.

அந்த வரி கார்ட்டூனில் வருவதுதான் என்று காட்ட, ஜெஸீமா சீடியை எடுத்துக்கொண்டு வந்து நிற்கிறாள். நீ வராதே என்றேன். “அத சொல்ல நீ யாருடி?” என்றாள்.

பஸ் வந்துவிட்டது.