இரண்டாவது கட்டில்

நேற்று மாலை பாசார் சந்தையில் நாலு பேர் கிரிதரனின் வலது கையை மிதித்து நசுக்கியிருந்தார்கள். அதனால் அவன் இடது கையால்தான் கிறுக்கினான்:

"ஹைதர், கிளினிக் போயிட்டு வரேன். மீன் கறிய சூடு பண்ணிக்க. கிரில் கதவுக்குப் புதுப் பூட்டு, சாவி அரிசி டின்ல. யார் தட்டினாலும் திறக்காதே லா. மூணு மணிக்கு உங்க அக்கா ஜுபைதா வருவாங்க, அவங்களுக்கு மட்டும் திற. எப்பவும் போல சின்ன ரூம் கட்டில்ல நான் படுத்து எந்திரிச்ச மாதிரி பெட்ஷீட்டைக் கலைச்சு வை."

பேனாவை வைத்தவன், பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடியும் எடுத்தான்.

"நாம கை கோத்து நடந்த வீடியோவைக் காட்டிக் காட்டித்தான் அடிச்சானுங்க. அதுல உன் மூஞ்சி தெரியல. நீ பக்கத்துல நின்னுக்கிட்டு, 'இவன் யாருன்னே தெரியாது, பாஸ்'னு சொன்னே. மாட்டினா அப்படிச் சொல்லணும்னு பேசி வச்சதே நான்தான். இருந்தாலும் உன் வாயால கேட்டதும், எந்திரிச்சு உன்னைத்தான் முதல்ல அறையணும்னு தோணுச்சு."

வலது கையில் சுற்றியிருந்த துணிக்கட்டை நனைத்த ரத்தம் தாளில் சொட்டியது. அதைச் சுற்றி, அடியில் மிச்சமிருந்த இடத்தில் நெருக்கி எழுதினான்:

"கட்டிலைக் கலைக்காதே. அக்கா கேட்டா, அதுல யாரும் படுக்கறதில்லன்னு சொல்லு. முடியலன்னா, என்னை யாருன்னே தெரியாதுன்னு அவங்ககிட்டயும் சொல்லிடு."